வீட்டிலிருந்து வேலை பார்க்கும் டீமில் ஒட்டுதல் குறைகிறது, என்ன செய்யலாம்? (மெடிக்கல் பில்லிங், நைட் ஷிஃப்ட்)

இரவுஷிஃப்ட்_டிஎல் · அதிகாலை 4.10

வணக்கம். இப்போதுதான் லாக் அவுட் செய்தேன். மனதில் உள்ளதை இங்கே இறக்கி வைத்துவிட்டுத் தூங்கலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

சென்னையில் 13 வருடமாக மெடிக்கல் பில்லிங்கில் இருக்கிறேன். ஏஆர் (வர வேண்டிய பாக்கி) காலராகச் சேர்ந்தேன், இப்போது 18 பேர் டீமுக்கு டிஎல் (டீம் லீடர்). இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்க டாக்டர்கள் அனுப்பிய பில்லுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராமல் நிறுத்தினால், அங்கே போன் போட்டுக் காரணம் கேட்டு, பணத்தை வர வைப்பது எங்கள் வேலை. 18 பேரில் 11 பேர் முழுக்க வீட்டிலிருந்து. ஆரணி, தஞ்சாவூர், திருநெல்வேலி என்று சிதறி இருக்கிறார்கள். மீதி 7 பேர் வாரத்தில் மூன்று நாள் பெருங்குடி ஆபீசுக்கு வருகிறார்கள்.

போன வாரம் என்கேஜ்மென்ட் சர்வே முடிவு வந்தது. எங்கள் மாடியிலேயே என் டீமுக்குத்தான் குறைந்த மார்க். வேலையில் குறையே இல்லை. புரொடக்ஷன், குவாலிட்டி இரண்டும் டார்கெட்டுக்கு மேலேதான் போகிறது. ஆனால் 'வேலை இடத்தில் என் மேல் அக்கறை உள்ள ஒருவராவது இருக்கிறார்' என்ற வரிக்கு, வீட்டில் இருப்பவர்களில் 6 பேர் 'இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். யார் யார் என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்த ஆறு என்ற எண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேலே இருந்து இரண்டு யோசனை சொன்னார்கள். ஒன்று, அடுத்த குவார்ட்டரில் இருந்து எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொல். அப்படிச் சொன்னால் குறைந்தது நான்கு பேர் பேப்பர் போட்டுவிடுவார்கள், எனக்குத் தெரியும். இன்னொன்று, வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கேமரா ஆன் செய்து ஆன்லைன் கேம். அதை இரண்டு வருடமாகச் செய்து பார்த்துவிட்டேன். பாதிப் பேர் கேமராவில் மின்விசிறிதான் தெரியும்.

உங்கள் டீமில் உண்மையிலேயே பலித்தது எது? காலர்கள், கோடர்கள், டிஎல்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

ஆம்பூர்_ஹெட்செட் · அதிகாலை 4.45

அக்கா, முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து யாரையும் திரும்பக் கூப்பிட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான் 2018-இல் வேளச்சேரியில் ஒரு ரூமில் ஐந்து பேரோடு இருந்தேன். ரூம் வாடகை, மெஸ் காசு, மாதம் ஒரு முறை ஊருக்கு ரயில் என்று போக, வீட்டுக்கு அனுப்பக் கையில் ஒன்றும் நிற்காது. இப்போது அதே சம்பளத்தில் தங்கச்சி காலேஜ் பீஸ் கட்டுகிறேன். அப்பாவை வாரம் இரண்டு நாள் வேலூருக்கு டயாலிசிஸ் கூட்டிப் போகிறேன். ஆபீஸ் என்றால் இரண்டில் ஒன்று போய்விடும்.

அதற்காக வீட்டு வேலை சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் எடுப்பார்களே, காலை 9 மணியில் இருந்து சாயங்காலம் வரை, அன்றைக்கு என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 4.30-க்குப் படுத்தவன் 9 மணிக்கு விசிறி நின்று, வியர்த்து எழுந்து உட்கார்வேன். அன்று ராத்திரி ஷிஃப்ட் முழுக்கக் கண் எரியும். ஆபீசில் ஜெனரேட்டர் இருந்தது. வீட்டில் இன்வெர்ட்டர், பேட்டரி, மோடத்துக்குத் தனி யூபிஎஸ் எல்லாம் என் காசு. ராத்திரி முழுக்க சிஸ்டம், விசிறி, லைட், கோடையில் ஏசி. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணமே வேறு. கம்பெனிக்கு சீட் மிச்சம், கேப் மிச்சம், ராத்திரிச் சாப்பாடு மிச்சம். 'உனக்கு எவ்வளவு ஆகிறது தம்பி' என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அக்கறை என்ற கேள்விக்கு நானாக இருந்தாலும் 'இல்லை' என்றுதான் போட்டிருப்பேன்.

புதுவரவு_ஏஆர் · காலை 11.20

நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் வேலை. டிரெய்னிங் முழுக்க ஆன்லைன். டீமில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அதனால் ஆம்பூர் அண்ணா சொல்வதை மறுக்காமல், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மூன்றாவது வாரம் நடந்தது இது. ஒரு கிளெய்ம், அதாவது இன்சூரன்ஸுக்குப் போன பில். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போட்டு 47 நிமிடம் ஹோல்டு. ஒரே மியூசிக் திரும்பத் திரும்ப. கடைசியில் ஒரு பெண்மணி எடுத்து, சிஓ-197, முன் அனுமதி வாங்கவில்லை, அதனால் டினைடு என்றார். டிரெய்னிங்கில் அந்த எண்ணைப் படித்திருக்கிறேன். ஆனால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அந்த நொடியில் ஞாபகம் வரவில்லை. சாட்டில் என் டிஎல்லுக்கு 'மேம்' என்று போட்டேன். அவர் வேறு மீட்டிங்கில். குரூப்பில் கேட்கலாம், ஆனால் கிளையன்ட் மேனேஜரும் அந்த குரூப்பில் இருக்கிறார், இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று பயம். அந்தப் பெண்மணி 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்று சொல்லி கால் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டேன்.

18 நிமிடம் கழித்து பதில் வந்தது: 'எமர்ஜென்சி விசிட்டா என்று பார், அப்படியென்றால் அனுமதி தேவையில்லை. இல்லாவிட்டால் ரெட்ரோ ஆத் (சிகிச்சைக்குப் பிறகு தரும் அனுமதி) கிடைக்குமா என்று கேள்.' திரும்ப போன் போட்டேன். திரும்ப ஹோல்டு. அன்று நான் முடிக்க வேண்டியதில் பாதிகூட முடியவில்லை. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று.

கேட்க ஆள் இல்லாமல் போன அந்த 18 நிமிடம்தான் எனக்குப் பிரச்சினை. கேம் விளையாடாதது இல்லை.

இரவுஷிஃப்ட்_டிஎல் · மதியம் 2.30

தூங்கி எழுந்ததும் இதைத்தான் முதலில் படித்தேன் பாப்பா. மனசு கனத்துவிட்டது.

நான் சேர்ந்த புதிதில் என் பக்கத்து சீட்டில் ஓர் அக்கா இருந்தார். எங்கள் ஃப்ளோரில் பேப்பர், பேனா, செல்போன் எதுவும் கொண்டு போகக் கூடாது, நோயாளி விவரம் வெளியே போய்விடும் என்று. ஆளுக்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும்தான். நான் போன் காலில் திணறினால் என் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தன் போன் காலை மியூட்டில் போட்டு, ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கி, என்ன கோடு என்று கண்ணாலேயே கேட்பார். நான் விரலில் காட்டுவேன். அவர் பலகையில் எழுதித் தூக்கிக் காட்டுவார்: 'சூப்பர்வைசரைக் கேள்', 'ஃபேக்ஸ் நம்பர் வாங்கு'. பத்து செகண்ட் வேலை. நான் வேலை கற்றது அந்தப் பலகையைப் பார்த்துத்தான். டிரெய்னிங் ஹாலில் கற்றது கொஞ்சம்தான்.

அதை எந்த சர்வேயும் கேட்டதில்லை. நாங்களும் அதற்கு ஒரு பெயர் வைத்ததில்லை.

கோடிங்_அம்மா · மாலை 3.05

நான் கோடர். இரண்டு பிள்ளைகள். என் வேலை டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து நோய்க்கான ஐசிடி-10 கோடு போடுவது. யாரோடும் பேச வேண்டியதில்லை, அமைதி இருந்தால் போதும். அதற்கு வீடுதான் சரி. ஆபீசில் பக்கத்தில் முப்பது பேர் போனில் பேசிக்கொண்டிருந்தால் ஆபரேஷன் ரிப்போர்ட் எப்படிப் படிப்பது? அதனால் எல்லா வேலையையும் ஒரே சட்டத்தில் கட்டாதீர்கள் என்று உங்கள் மேலிடத்துக்குச் சொல்லுங்கள் மேடம். காலர் வேறு, கோடர் வேறு, வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றும் பேமென்ட் போஸ்டிங் வேறு.

ஒன்று மட்டும் எனக்கும் உறுத்துகிறது. இரண்டு வருடமாக, மற்ற கோடர்களின் வேலையைச் சரிபார்க்கும் ஆடிட்டர் போஸ்ட்டுக்குக் கேட்கிறேன். என் மார்க் 98-க்குக் கீழே போனதில்லை. ஆபீசுக்குப் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கிறது. கண்ணில் படுகிறவர்கள்தான் ஞாபகத்தில் இருக்கிறார்கள்.

முன்னாள்_ஆப்ஸ் · மாலை 5.40

20 வருடம் ஆபரேஷன்ஸில் இருந்து விலகியவன். மேலே இருந்து பேசுகிறவர்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்று சொல்கிறேன், அவர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம்.

நம் துறைக்கு வீட்டு வேலை என்பது கொள்கை முடிவாக வரவே இல்லை. 2020 வரை தொலைத்தொடர்புத் துறையின் ஓஎஸ்பி (பிற சேவை வழங்குநர்) விதிப்படி, பிபிஓ ஊழியரை வீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்றால் ஒரு கோடி ரூபாய் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். யார் செய்வார்கள்? 2020 மார்ச் 13 அன்று அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். மார்ச் 25-இல் நாடே மூடியது. இடையில் கிடைத்த நாட்களில் நாங்கள் சிபியூக்களைப் பெட்ஷீட்டில் சுற்றி கேப்களில் ஏற்றி வீடு வீடாக அனுப்பினோம். யாருக்கு எந்த மானிட்டர் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோம், அவ்வளவுதான் ஏற்பாடு. 2020 நவம்பர் 5 அன்று புதிய விதி வந்து உத்தரவாதம், பதிவு எல்லாம் நீங்கியது. 2021 ஜூனில் இன்னும் தளர்ந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கும் கம்பெனிகளுக்குத் தனியாக 2022 ஜூலையில் வீட்டு வேலையை அனுமதிக்கும் 43ஏ விதி வந்தது, முதலில் பாதிப் பேர் வரை, டிசம்பரில் எல்லோருக்கும் என்று.

நான் சொல்ல வருவது, ஒரு வாரத்தில் மூட்டை கட்டிக் கொண்டு போன வேலை இது. சிஸ்டம் போனது, டார்கெட் போனது, டேஷ்போர்டு போனது. அந்த வெள்ளைப் பலகை மட்டும் மூட்டையில் ஏறவில்லை. அதற்கு ஒரு செலவுத் தலைப்பு இல்லையே, யார் ஞாபகம் வைப்பார்கள்? அப்புறம் மேனேஜர்கள் கண்ணால் பார்த்து நடத்திப் பழகியவர்கள். எதிரே ஆள் இல்லை என்றதும் கை நடுங்கியது. மவுஸ் அசைகிறதா என்று பார்க்கும் சாஃப்ட்வேரைப் போட்டார்கள். நானும் போட்டேன். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன்.

ஆம்பூர்_ஹெட்செட் · மாலை 5.58

சார், நீங்கள் இப்படி எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்த சாஃப்ட்வேர் இன்னும் என் சிஸ்டத்தில் ஓடுகிறது. 45 நிமிடம் ஹோல்டில் இருக்கும்போது மவுஸை எதற்கு அசைப்பது? 5 நிமிடம் அசையாவிட்டால் 'ஐடில்' என்று சிவப்பில் விழுகிறது. ஹோல்டு மியூசிக்கைக் கேட்டுக்கொண்டே, சும்மா மவுஸைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 29 வயது ஆள். இதைச் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது.

முன்னாள்_ஆப்ஸ் · மாலை 6.15

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை தம்பி. போன் லைன் திறந்திருந்தால் ஐடில் கணக்கில் சேராதபடி அமைக்க முடியும். போன் போடும் டயலரையும் அந்த சாஃப்ட்வேரையும் இணைத்தால் போதும், பெரிய வேலை இல்லை. உங்கள் டிஎல் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

கோவை_எச்ஆர் · இரவு 8.30

எச்ஆர் என்றதும் திட்டாதீர்கள். இந்தக் கேம் எல்லாம் ஏற்பாடு செய்தவள் நான்தான், நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். 2020-21-இல் அது உதவியும் செய்தது. எல்லோரும் பயந்து வீட்டுக்குள் கிடந்த நேரத்தில், தம்போலா விளையாடி அரைமணி நேரம் சிரித்தோம். அந்தக் காலம் முடிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்ததுதான் தப்பு.

சர்வேயில் மார்க் போடும் கேள்விகளுக்குக் கீழே ஒரு காலிப் பெட்டி இருக்கும், 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்று. நான் அதைத்தான் முதலில் படிப்பேன். அங்கே யாரும் கேம் வேண்டும் என்று எழுதுவதில்லை. திரும்பத் திரும்ப வருவது லீவு. பொங்கலுக்கு இரண்டு நாள் கேட்டால் ஷ்ரிங்கேஜ் (ஆள் இல்லாத நேரக் கணக்கு) அதிகமாகிவிடும் என்று மறுப்பு. நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங்குக்கு நாம் கேட்காமலேயே லீவு. தீபாவளி அன்று அம்மா வைத்த இலைக்கு முன்னால் உட்கார நேரமில்லாமல் லாகின் செய்தேன் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். வீட்டில் இருந்துகொண்டே பண்டிகையைத் தவற விடுவது ஆபீசில் இருந்து தவற விடுவதைவிட வலிக்கிறது. சத்தமும் வாசனையும் கதவுக்கு அந்தப் பக்கமே இருக்கிறதே.

அதன் பிறகு எங்கள் பிராசஸில் ஒன்று மாற்றினோம். வருடத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் தனக்கு விட முடியாத இரண்டு நாட்களை எழுதித் தர வேண்டும். கொடை, கார்த்திகை, ரம்ஜான், கிறிஸ்துமஸ், பிள்ளையின் பிறந்தநாள், எதுவாக இருந்தாலும் சரி. அந்த இரண்டு நாள் கிடைப்பது உறுதி, மீதியைப் பேசிக்கொள்ளலாம். பைசா செலவில்லை. நான் செய்த வேலைகளில் உருப்படியானது என்று நினைப்பது இது ஒன்றைத்தான்.

ஆய்வு_மாணவி · இரவு 10.05

நான் மேலாண்மையில் ஆய்வு செய்கிறேன். இந்த இழையில் அனுபவமாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரமும் இருக்கிறது. டிஎல் அக்கா மேலிடத்தில் பேச உதவும் என்று இரண்டை மட்டும் தருகிறேன்.

முதலாவது, சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டர். ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூமும் குழுவினரும் 2010 டிசம்பர் முதல் ஒன்பது மாதம் சோதனை செய்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய முன்வந்தவர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் நான்கு நாள் வீட்டில், ஒரு நாள் ஆபீசில். ஒற்றைப்படைக்காரர்கள் எப்போதும்போல ஆபீசில். வீட்டுக்காரர்களின் வேலை 13 சதவீதம் கூடியது, விலகுபவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். எல்லோரும் இதை மட்டும்தான் மேற்கோள் காட்டுவார்கள். சொல்லாமல் விடுவது மூன்று. சோதனையில் சேரவே குறைந்தது ஆறு மாத அனுபவமும் வீட்டில் தனி இடமும் வேண்டும் என்று விதி இருந்தது, அதாவது புதியவர்கள் அதில் இல்லை. ஒரே அளவு வேலை செய்தும் வீட்டுக்காரர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கோடிங் அம்மா சொன்னது அப்படியே. சோதனை முடிந்து விருப்பப்படி தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள், அதன் பிறகு பலன் 22 சதவீதமாக ஏறியது. தனக்கு எது ஒத்துவரும் என்று அவரவர் அனுபவித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததன் பலன் அது.

இரண்டாவது, நம் நாட்டிலேயே டேட்டா என்ட்ரி ஊழியர்களிடம் டேவிட் அட்கின், ஆன்டனெட் ஷோர், சுமித் ஷிண்டே மூவரும் நடத்தியது, 2023-இல் வெளிவந்தது. இங்கே முடிவு எதிர்மாறு. குலுக்கல் முறையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் வேலை ஆபீசில் இருந்தவர்களைவிட 18 சதவீதம் குறைவு. அந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்தது. மீதி ஒரு பங்கு, ஆபீசில் இருந்தவர்கள் போகப் போக வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. புதுவரவு சொன்ன 18 நிமிடம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. இன்னொன்று, வீட்டு வேலையை விரும்பியவர்கள்தான் தொடக்கத்தில் வேகமும் துல்லியமும் அதிகம் உள்ளவர்கள்; குழந்தை, வீட்டுப் பொறுப்பு இருப்பதால் ஆபீஸ் வர முடியாதவர்கள் அவர்களில் உண்டு. எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்றால் இவர்களைத்தான் முதலில் இழப்போம்.

கணினிக்_காவல் · இரவு 11.15

பாதுகாப்புத் தரப்பில் இருந்து ஒரு வார்த்தை. யாராவது திறந்த வாய்ஸ் ரூம் (டீமில் யாரும் எப்போதும் நுழைந்து பேசக்கூடிய ஆன்லைன் அறை) வைக்கலாம் என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். தாராளமாக வையுங்கள், ஆனால் கவனம்.

2024 பிப்ரவரி 21 ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் கிளெய்ம்களை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கொண்டு சேர்க்கும் சேஞ்ச் ஹெல்த்கேர் மீது சைபர் தாக்குதல். அதன் பிறகு பல வாரம் கிளெய்ம் போகவில்லை, பேமென்ட் விவரம் வரவில்லை, இங்கே நம் டீம்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தன. திருடிய பாஸ்வேர்டை வைத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத, தூரத்திலிருந்து லாகின் செய்யும் ஒரு சிட்ரிக்ஸ் நுழைவு வழியாக உள்ளே வந்தார்கள் என்று தாய் நிறுவனத்தின் தலைவரே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். அதிலிருந்து கிளையன்ட்கள் வீட்டு லாகின் என்றாலே பயப்படுகிறார்கள். ஆபீசுக்குக் கூப்பிடும் நெருக்கடியில் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது, எல்லாம் மேனேஜர் பிடிவாதம் இல்லை.

வாய்ஸ் ரூமில் நோயாளி பெயர், பிறந்த தேதி, அக்கவுன்ட் நம்பர் எதையும் உச்சரிக்கக் கூடாது. டினையல் கோடும் இன்சூரன்ஸ் வகையும் போதும், கேள்வி புரிந்துவிடும். ஸ்கிரீன் ஷேர் வேண்டாம். ரெக்கார்டிங் ஆஃப். இதை எழுதி, விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் டீமிடம் ஒப்புதல் வாங்கிவிட்டால் யாரும் நிறுத்த முடியாது.

பள்ளிக்கரணை_டிஎல் · மறுநாள் அதிகாலை 4.20

நானும் டிஎல்தான். ஒட்டுதல் என்றால் எனக்கு 2023 டிசம்பர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மிக்ஜாம் புயலில் 3, 4 தேதிகளில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, டவர் இல்லை. லேப்டாப்பை பீரோ மேலே வைத்துவிட்டு மொட்டை மாடியில் இருந்தேன். ஐந்தாம் நாள் போனில் சிக்னல் வந்தபோது முதலில் விழுந்தது திருநெல்வேலிப் பையனின் குரல்பதிவு: 'அண்ணே, உங்க இன்வென்ட்டரிய (பாக்கி கிளெய்ம்களை) நாங்க நாலு பேர் பிரிச்சு எடுத்துக்கிட்டோம். நீங்க சாப்பிட்டீங்களா?'

அடுத்து அதே மாதம் 17, 18-இல் திருநெல்வேலி, தூத்துக்குடி மூழ்கியது. இந்த முறை நாங்கள் அவர்கள் வேலையை எடுத்தோம். யாரும் சொல்லவில்லை, யாரும் எக்செல் போடவில்லை. எல்லோரும் ஒரே ஆபீசில் இருந்திருந்தால் அந்த மாதம் கிளையன்ட்டே போயிருப்பார். அதனால் தூரத்தில் இருந்தால் ஒட்டாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பையன் முதல் நான்கு மாதம் ஆபீசில் என் பக்கத்து சீட்டில் இருந்தவன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுவரவு_ஏஆர் · மறுநாள் மதியம் 1.10

எனக்கு யாராவது அப்படி நான்கு மாதம் பக்கத்து சீட் தந்திருந்தால் ஹாஸ்டலில் தங்கியாவது வந்திருப்பேன். வாழ்நாள் முழுக்க வா என்றால்தான் முடியாது.

இரவுஷிஃப்ட்_டிஎல் · ஆறு வாரம் கழித்து, மாலை 4.40

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆய்வு மாணவி எழுதியதை என் சொந்த நடையில் இரண்டு பக்கமாக எழுதி, புதுவரவின் 18 நிமிடத்தையும் பெயர் இல்லாமல் சேர்த்து மேலிடத்துக்குக் கொடுத்தேன். இரண்டு வாரம் இழுத்தார்கள். கடைசியில் எங்கள் டீமுக்கு மட்டும் சோதனையாக ஒப்புக்கொண்டார்கள். பழையவர்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. புதிதாகச் சேருபவர்கள் முதல் நான்கு மாதம் ஆபீசில், ஒவ்வொருவருக்கும் பக்கத்து சீட்டில் ஒரு சீனியர், அந்த சீனியருக்கு புரொடக்ஷன் டார்கெட்டில் 15 சதவீதம் தளர்வு. இந்தத் தளர்வுக்காகத்தான் அதிகம் சண்டை போட்டேன். அது இல்லாமல் 'உதவி செய்' என்றால், உதவி செய்பவரைத் தண்டிப்பதாகிவிடும். வெள்ளைப் பலகைகளை ஸ்டோர் ரூமில் தேடி எடுத்தோம். மார்க்கர் எல்லாம் காய்ந்து போயிருந்தது, புதிதாக வாங்கினேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ராத்திரி 8 முதல் 2 வரை வாய்ஸ் ரூம். காவல் சொன்ன விதிகளோடு. முதல் வாரம் நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தேன், ஒருவரும் வரவில்லை. இரண்டாவது வாரம் ஆரணித் தம்பி வந்து 'மேம், சிஓ-22, இரண்டு இன்சூரன்ஸில் எது முதலில் பணம் தர வேண்டியது என்று தெரியவில்லை' என்றான். தஞ்சாவூர்க்காரி, நான் பேசுவதற்கு முன் பதில் சொல்லிவிட்டாள். அவள் அங்கே கேட்டுக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. இப்போது ஹோல்டில் இருக்கும்போது ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்கிறார்கள். சில நேரம் யாரும் பேசுவதில்லை. யாரோ வீட்டில் நாய் குரைக்கிறது, யாரோ டீ உறிஞ்சுகிறார்கள். வெள்ளிக்கிழமை கேமை நிறுத்திவிட்டேன்.

நடக்காததையும் சொல்ல வேண்டும். யூபிஎஸ், கரண்ட் படி கேட்டு மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. விடப்போவதில்லை. இதற்கு நடுவில் ஒரு பெண் ராஜினாமா செய்துவிட்டாள், என்னைவிட அதிகச் சம்பளம் வேறு இடத்தில். கடைசி நாள் அரைமணி நேரம் பேசினோம். அந்த ஆறு பேரில் தானும் ஒருத்தி என்று அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை. 'பிரசவம் முடிந்து திரும்பிய வாரம், எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல் பெண்டிங் எவ்வளவு என்று கேட்டீர்கள் அக்கா' என்றாள். கேட்டிருக்கிறேன். அந்த வாரத்து சாட்டைத் திறந்து பார்த்தேன், அப்படியே இருக்கிறது.

ஆம்பூர்_ஹெட்செட் · மாலை 4.52

அக்கா, ஒரு சந்தேகம். ரூமில் உட்கார்ந்து அடுத்தவருக்குப் பதில் சொல்லும் நேரம் ஐடிலில் விழாதா? எங்கள் டிஎல்லிடம் இதை எடுத்துப் போகப் போகிறேன், அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இரவுஷிஃப்ட்_டிஎல் · மாலை 5.05

விழுந்தது. முதல் இரண்டு வாரம் தஞ்சாவூர்க்காரிக்கு தினமும் 25 நிமிடம் சிவப்பு. முன்னாள் ஆப்ஸ் சார் சொன்னபடி டயலர் டீமிடம் போய், 'ஹெல்ப்' என்று தனியாக ஓர் ஆக்ஸ் கோடு (கால் பேசாத நேரம் எதில் போகிறது என்று குறிக்கும் கோடு) கேட்டேன். ஒரு நாளைக்கு 30 நிமிடம் வரை, புரொடக்ஷன் நேரத்தில் கழியாது. ஹோல்டு நேரமும் இனி ஐடில் ஆகாது. இன்று ராத்திரிதான் லைவ் ஆகிறது. டிக்கெட் மெயிலின் வாசகத்தை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன் தம்பி, கம்பெனி பெயரை எடுத்துவிட்டு அப்படியே பயன்படுத்துங்கள். லாகின் நேரம் ஆகிறது, அமெரிக்காவில் கடிகாரம் மாற்றியதால் இப்போது 5.30-க்கே ஷிஃப்ட்.